தூணைச் சுற்றிய கட்டுக்கம்பியை அவிழ்த்துவிடுங்கள்

வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கும், ஊராட்சி ஒன்றிய அலுவலக வளாகத்தில் சுதந்திர தின விழாவை நடத்திய குழுவினருக்கும்,

ஆகஸ்ட் 15 காலை உங்கள் வளாகத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஐந்து வெளியூர்க்காரர்களில் நானும் ஒருவன். மேடைக்கு இடப்பக்கம், வரவேற்புப் பேனருக்குப் பின்னால் மறைந்திருந்த கல்தூணைப் பற்றித்தான் இந்த மடல். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. எங்களை அன்று முழுக்க உறவுக்காரர்களைப் போலப் பார்த்துக்கொண்ட ஊர் அது. ஒரு விழா ஏற்பாட்டில் நடந்த தவறுக்காக அதன் பெயர் கெடக் கூடாது. படிக்கும்போதே இது உங்கள் வளாகம்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது சேர்ந்து எங்காவது போய்விடுவோம். இந்த முறை தேர்ந்தெடுத்தது உப்பு யாத்திரை போன வழி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று சுமார் 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி தடையை மீறி உப்பு அள்ளினார்கள். அவர்கள் நடந்த பாதையில் நாங்கள் காரில் போய், ஆகஸ்ட் 15 காலை அகஸ்தியம்பள்ளியில் உள்ள நினைவுத் தூணுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது திட்டம்.

14ஆம் தேதி இரவு உங்கள் ஊருக்கு வெளியே ரேடியேட்டர் குழாய் வெடித்து வண்டி நின்றுவிட்டது. பாலத்து ஓரத்தில் நின்ற எங்களைப் பார்த்து, வேலை முடிந்து டிராக்டரில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்தி, கயிறு கட்டிக் காரை ஊருக்குள் இழுத்து வந்து விட்டார்கள். காசு வாங்க மாட்டேன் என்றார்கள். மெக்கானிக், “நாளைக்கு லீவு, மதியத்துக்கு மேலதான் குழாய் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டார். சரி, கொடியேற்றத்தை இந்த ஊரிலேயே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

காலையில் எழுந்து வெளியே வந்தால் ஊரே அழகாக இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வாசலில் ஒரு பெண் காவியும் பச்சையுமாகக் கோலப்பொடி போட்டு, நடுவில் சக்கரத்தை வரைந்துகொண்டிருந்தார். ஆரம் எண்ணிக்கை தப்பிவிடக் கூடாது என்று அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்து நான்கு வரை எண்ணிக்கொண்டிருந்தாள். லாட்ஜில் வேலை பார்க்கும் பையன் எங்கள் ஐந்து பேர் சட்டையிலும் காகிதக் கொடியை அவனே குத்திவிட்டான். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள் பேண்டு வாத்தியத்தோடு அணியணியாகப் போக, நாங்களும் பின்னாலேயே உங்கள் வளாகத்துக்கு வந்தோம். பெரிய நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொடியேற்றிவிட்டு பத்து நிமிடத்தில் கலைந்து போகிறவர்களுக்கு, ஒரு ஊரே சேர்ந்து கொண்டாடுவதைப் பார்க்கக் கிடைத்தது பெரிய விஷயம். வண்டி பழுதானது நல்லதுக்குத்தான் என்று நண்பன் ஒருவன் சொன்னான். எட்டரை மணி வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அழைப்பிதழில் போட்டிருந்த நேரம் எட்டரை. சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி பத்தேகால். அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பந்தல் நிழல் மேடைக்கும் முதல் மூன்று வரிசை நாற்காலிகளுக்கும் மட்டும்தான் எட்டியது. ஏழாம் எட்டாம் வகுப்பு இருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள் மயங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆசிரியை தன் முந்தானையை நனைத்து முகம் துடைத்துவிட்டதைப் பார்த்தேன். இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. இது எல்லா ஊரிலும் நடக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

நான் சொல்ல வந்தது அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் நடந்த வேறொன்று.

வாசலில் ஒரு வயதான அம்மா மஞ்சள் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கையில் வாழை இலையில் சுற்றிய கதம்பச் சரம். உள்ளே வர முயன்றபோது சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு தொண்டர், “புரோகிராம் முடியட்டும், அப்புறம் வாங்க” என்று சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அனுப்பிவிட்டார். கடிந்து பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யார் என்ன என்று கேட்கவும் இல்லை. அவர் அங்கேயே நின்றார். எங்கள் கூட வந்த தோழி அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவள்தான் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். “அப்பா பேர் அந்தத் தூணுல இருக்குதும்மா. வருசா வருசம் பூ வெச்சிட்டுப் போவேன். ரெண்டு வருசமா வுட மாட்டேங்குறாங்க” என்றார் அந்த அம்மா.

எந்தத் தூண் என்று பார்த்தோம். தெரியவில்லை. பேனர்தான் தெரிந்தது. பன்னிரண்டு அடி அகலம் இருக்கும், சிறப்பு விருந்தினரின் முகமும் வரவேற்கிறவர்கள் எட்டுப் பேரின் முகமும். அதைத் தாங்கிய சவுக்குக் கழிகளை நட்டு வைக்கக் குழி தோண்டவில்லை. பின்னால் இருந்த கல்தூணோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அது என்ன தூண் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டையொட்டி நாடு முழுவதும் ஒன்றிய அலுவலகங்களில் அரசே எழுப்பிய தூண்களில் ஒன்று. அந்த வட்டாரத்திலிருந்து விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்டவர்களின் பெயர்களை அதில் பொறித்தார்கள். அதே வெள்ளி விழா ஆண்டில்தான் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயமும் கொடுத்தார்கள். அந்த அம்மாவின் துணிப்பையில் இருந்தது அதுதான். பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். எடுத்துக் காட்டியபோது நடுவில் மட்டும் பளபளப்பாக இருந்தது, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. “புளி போட்டுத் தேய்ச்சேன் தம்பி, ஓரம் வரல” என்றார்.

அவருடைய அப்பா உப்பு அள்ளவில்லை. சத்தியாகிரகிகளோடு நடக்கவும் இல்லை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. யாத்திரை போகும் வழியில் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் கொடுத்தது என்று எந்தப் போலீஸ்காரரும் சொல்ல முடியாது. நாங்கள் புத்தகத்தில் படித்துவிட்டுப் பயணம் கிளம்பியதே இந்தக் கதையால்தான். மரத்தில் ஏறிப் பொட்டலம் கட்டியவரின் மகள் எங்கள் முன்னால், சைக்கிள் ஸ்டாண்டில், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அப்பா மாட்டிக்கொண்டது பொட்டலத்துக்காக இல்லையாம், பின்னால் 1942இல் ஜெயிலுக்குப் போனாராம். “ஆனா அவரு சாகுற வரைக்கும் சொன்னதெல்லாம் அந்தப் பொளியமரத்துக் கதைதான்” என்றார்.

கொடி ஏறியது. பூ உதிர்ந்தது. பேச்சுகள் நடந்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார்கள். விருந்தினருக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பதினோரு பொன்னாடை, நான் எண்ணினேன். பத்தடி தள்ளிப் பேனருக்குப் பின்னால் இருந்த பெயர்களில் ஒன்றைக்கூட மேடையில் யாரும் வாசிக்கவில்லை. கலெக்டர் அலுவலகங்களில் நடக்கும் விழாவில் தியாகிகளுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ முதலில் பொன்னாடை போர்த்துகிற வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கம் ஒன்றிய அலுவலகத்துக்கு மட்டும் எப்படி வராமல் போனது?

விழா முடிந்த கால் மணி நேரத்தில் வளாகத்தைப் பூட்டிவிட்டார்கள். விடுமுறை நாளாம். “முடிந்ததும் வாங்க” என்று சொல்லப்பட்ட அந்த அம்மா மறுபடி வாசலில் நின்றார். காவலாளி ஒருவர், அவருக்கும் அறுபது வயதுக்குக் குறையாது, எங்களைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். பேனரின் கீழ் மூலையை நாங்கள் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தோம். கம்பியை அவிழ்க்கவில்லை, எதையும் கிழிக்கவில்லை. அந்த அம்மா குனிந்து உள்ளே போனார். பின்னாலேயே நானும் போனேன்.

அங்கே பார்த்ததை விவரமாக எழுதுகிறேன். நீங்கள் யாரும் அந்த இடைவெளிக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தூண் என் தோளுக்கு மேலே ஒரு முழ உயரம். மேலிருந்து கீழ் வரை மூவர்ண எனாமல் பெயிண்ட். புதிதாக அடித்தது, நகம் பட்டால் இன்னும் வழவழப்பாக இருந்தது. அதற்கடியில் இன்னொரு அடுக்கு, அதற்கும் அடியில் சுண்ணாம்பு. பெயிண்ட் எழுத்துப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்கிவிட்டது. கண்ணால் பார்த்தால் பெயர் எதுவும் தெரியாது. கட்டுக்கம்பி இழுத்துக் கட்டிய இடத்தில் கல் கீறி, இரண்டு வரிகளுக்குக் குறுக்கே வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. பழைய கோடுகளும் இருந்தன. ஒவ்வொரு விழாவுக்கும் அங்கேதான் கட்டியிருக்கிறார்கள்.

அந்த அம்மா தூணைத் தேடவே இல்லை. கீழிருந்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவி எண்ணினார். மூன்றாவது வரியில் விரலை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினார். “இதோ, இதான்.” என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். பெயிண்டுக்கு அடியில் ஒரு சுழி, அப்புறம் ஒரு கொம்பு, லேசாகத் தட்டுப்பட்டது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவின் பெயர் எப்படி இருக்கும் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். பூச்சரத்தைச் சுற்ற இடமில்லாமல், பேனர் கட்டிய கம்பியிலேயே செருகிவிட்டு வெளியே வந்தார்.

தோழி தன் கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு படித்தாள். இருபத்து மூன்று வரிகள். ஒன்பது பெயர்கள்தான் முழுசாகக் கிடைத்தன. மற்றவை அங்கொரு எழுத்து இங்கொரு எழுத்து.

மூவர்ணம் அடித்தவர்கள் மரியாதைக்காகத்தான் அடித்திருப்பார்கள் என்பதை நான் சந்தேகப்படவில்லை. பேனருக்கு இடம் வேண்டும், உறுதியான ஒரு பிடிமானம் வேண்டும், தூண் கையெட்டும் இடத்தில் இருந்தது, கட்டிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆனால் விளைவு என்ன என்று பாருங்கள். ராஜாஜியின் பெயர் எங்கும் அழியாது. வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகத்துக்கு ஏற்பாடு செய்த சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் பெயர் அழியாது. சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்து, அதற்காகச் சிறைக்குப் போன வேதாரண்யம் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பனின் பெயரையும் யாரோ எழுதி வைத்ததால் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மரக்கிளையில் சோறு கட்டியவர்களுக்கு அப்படி ஒரு புத்தகமும் இல்லை, சிலையும் இல்லை. அவர்கள் பெயரை ஊரே பார்க்கும்படி அரசாங்கம் எழுதி வைத்த இடம் உங்கள் வளாகத்துக் கல் ஒன்றுதான். அதுவும் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டால், அந்த அம்மாவின் விரலுக்குப் பிறகு அந்தப் பெயர் வேறு எங்கே இருக்கும்?

விழாவில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் கொடியேற்றுகிறார்கள் என்பதெல்லாம் சின்ன விஷயம் இல்லை என்று நாட்டுக்கே சொன்ன மாநிலம் நம்முடையது. சுதந்திர தினத்தில் மாநிலங்களில் தேசியக் கொடியேற்றும் உரிமை ஆளுநர்களிடம் இருந்ததை மாற்றி, மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர்தான் ஏற்ற வேண்டும் என்று அன்றைய முதல்வர் மு. கருணாநிதி கேட்டு வாங்கினார். 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநில முதல்வர்களும் ஏற்றுகிறார்கள். ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று 2022இல் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு தூரம் யோசித்த மாநிலத்தில், தியாகியின் மகளுக்கு நிற்க இடம் சைக்கிள் ஸ்டாண்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அன்று கொடுத்தது பிளாஸ்டிக் கொடி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்ட பொருள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவே தடை. காகிதக் கொடியாக இருந்தாலும் விழா முடிந்து தரையில் போடக் கூடாது, மரியாதையோடு தனியாக அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது கொடிச் சட்டத் தொகுப்பு. மதியம் நாங்கள் வெளியே வந்தபோது வாசல் சாக்கடையில் கொடிகள் மிதந்தன. விடுமுறை நாளிலும் வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, குப்பைக் கூடையில் போட மனமில்லாமல் இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டே பெருக்கினார். கொடிக்கு மரியாதை எப்படிச் செய்வது என்று அவரிடம் கேட்டாலே போதும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலில், அந்தத் தூணில் இனி எதையும் கட்ட வேண்டாம். பேனரோ தோரணமோ ஒலிபெருக்கி ஒயரோ எதுவானாலும் வேண்டாம். தூணைச் சுற்றி நான்கு பக்கமும் ஐந்தடி விட்டு ஒரு தாழ்ந்த கம்பி வேலி போட்டால் வண்டி நிறுத்துவதும் நின்றுபோகும்.

பெயிண்டை எடுக்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க யாரையும் விட்டுவிடாதீர்கள். மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சுரண்டும் மணல் வீச்சு வேண்டவே வேண்டாம். கோயில்களில் அப்படிச் சுத்தம் செய்யப் போய்க் கல்வெட்டுகள் மழுங்கிப்போனதை நாம் பார்த்திருக்கிறோம். தொல்லியல் துறையிடம் கேட்டு, கல் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். அதன் பிறகும் படிக்க முடியாத பெயர்களைப் பழைய பதிவேடுகளிலிருந்தும் தியாகிகளின் குடும்பங்களிடமிருந்தும் சரிபார்த்து, பக்கத்தில் தனியாக ஒரு கல்லில் பொறித்து வையுங்கள். பழைய கல்லின் மேல் புது எழுத்து வெட்ட வேண்டாம். தோழி எடுத்த பென்சில் பிரதியை உங்களுக்கே தந்துவிடுகிறோம்.

அந்தப் பெயர்களை ஒன்றியத்திலுள்ள எல்லா ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் கிராம சபை எப்படியும் கூடுகிறது. அந்தந்த ஊர்க்காரர் பெயரை அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் விழாவில் கொடி ஏறியதும், வரவேற்புரைக்கு முன்னால், இருபத்து மூன்று பெயர்களையும் ஒரு மாணவி வாசிக்கட்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குக் கொடியேற்றுங்கள். விருந்தினர் வரத் தாமதமானால், வந்திருப்பவர்களில் மூத்தவர் ஏற்றட்டும். பிள்ளைகள் தலைக்கு மேலும் பந்தல் போடுங்கள். கொடி துணியிலோ காகிதத்திலோ இருக்கட்டும், முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்க வாசலில் ஒரு பெட்டி வையுங்கள்.

தியாகிகளின் வாரிசுகளுக்கு முதல் வரிசையில், பந்தல் நிழலில், நாற்காலி போட வேண்டும். அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டு பஸ் மாறி வருகிறார்.

கடைசியாக ஒன்று, இதுதான் எங்களுக்கு முக்கியம். கதவைத் திறந்துவிட்ட காவலாளி மீது எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள். உள்ளே வந்தது நாங்கள், பேனரைத் தூக்கிப் பிடித்ததும் நாங்கள். விளக்கம் வேண்டுமென்றால் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிடுங்கள், வருகிறோம். கூப்பிடாவிட்டாலும் ஜனவரி 26 காலை எட்டு மணிக்கு அங்கே இருப்போம். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.